லாரி வாடகை மட்டும் பட்ஜெட் ஆகாது

கேள்வி: தாம்பரத்தில் இரண்டு படுக்கையறை வீட்டில் 20,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். என் கணவருக்கு மே மாதத்திலிருந்து புனேயில், ஹிஞ்சவடியில் வேலை. குறைந்தது மூன்று வருடம் அங்கேதான் இருப்போம். ஏழாம் வகுப்பு முடிக்கும் மகளும் 71 வயது மாமியாரும் எங்களோடு இருக்கிறார்கள். வாக்கட் பகுதியில் புரோக்கர் மூலமாக 28,000 ரூபாய்க்கு வீடு பார்த்தாயிற்று. மூன்று மாத டெபாசிட் கேட்கிறார்கள். பள்ளிக்கு முதல் தவணை 35,000. கையில் 1,25,000 இருக்கிறது. பில் கொடுத்தால் கம்பெனி 60,000 தரும். "ஆக 1,85,000, போதும்தானே" என்கிறார் கணவர். இங்கே வீட்டுக்காரரிடம் ஆறு மாத அட்வான்ஸ் 1,20,000 இருக்கிறது. பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொண்டு, புது ஆள் வந்த பிறகுதான் மீதியைத் தருவேன் என்கிறார். சாமான் ஏற்ற மூன்று பேரிடம் விலை கேட்டோம். போனிலேயே ஒருவர் 29,000 என்றார். வீட்டுக்கு வந்து அளந்தவர் 600 கன அடி, பார்ட் லோடு, 47,000 என்றார். தனி லாரிக்கு மூன்றாமவர் 68,000 கேட்கிறார். ஏன் இவ்வளவு வித்தியாசம்? 2021 கார், 2013 ஸ்கூட்டர் இரண்டையும் கொண்டுபோகலாமா? வைகாசியில் நல்ல நாள் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும் என்கிறார் மாமியார். பணம் பற்றாவிட்டால் நகையை அடகு வைக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு லாரி விலைதான் பெரிய கவலையாக இருக்கிறது. எனக்கு உங்கள் கணவர் சொன்ன "1,85,000, போதும்தானே" என்ற வரிதான் உறுத்தியது. அந்த 60,000 சாமான் போய்ச் சேர்ந்து, பில் கொடுத்து, கம்பெனியில் கையெழுத்தெல்லாம் ஆன பிறகு வரும் பணம். தாம்பரத்து அட்வான்ஸ் அதற்கும் பிறகு வரலாம். புனே வீட்டுக்காரரோ சாவி கொடுக்கும்போதே டெபாசிட்டை எண்ணி வாங்குவார். வீடு மாறும் குடும்பங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. நான் பார்த்தவரையில் பணமே இல்லாமல் திண்டாடியவர்கள் குறைவு. வர வேண்டிய பணம் தாமதமாக வந்ததால் திண்டாடியவர்கள்தான் அதிகம். அதனால் எவ்வளவு செலவு என்பதோடு, எந்தத் தேதியில் என்பதையும் சேர்த்துப் பார்ப்போம்.

புனே வீட்டுக்கு மூன்று மாத டெபாசிட் 84,000, முதல் மாத வாடகை 28,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 28,000. ஒப்பந்தப் பதிவுக்கும், சாமான் ஏற்றி இறக்க அப்பார்ட்மென்ட் சங்கம் கேட்கும் கட்டணத்துக்கும் ஒரு 6,000 வையுங்கள். இதுவே 1,46,000. ஒரு பெட்டிகூடக் கட்டுவதற்கு முன்பே உங்கள் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. அப்புறம்தான் சாமான். நடுவில் உள்ள 47,000 விலையை எடுத்துக்கொண்டால், அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 8,460. நாலு லட்சம் மதிப்புள்ள சாமானுக்கு இன்சூரன்ஸ் இரண்டு சதவீதம் என்று வைத்தால் 8,000. ஆக ஏறக்குறைய 63,500. கார் போய்ச் சேர 12,000. நீங்கள் மூவரும் பயணம் செய்து ஓரிரு நாள் தங்க 20,000. ஏசி கழற்றி மாட்டுவது, தண்ணீர் சுத்திகரிப்பான் பொருத்துவது, எலக்ட்ரீஷியன், தச்சர், திரைச்சீலைக் கம்பி என்று புது வீடு கேட்கும் சில்லறைச் செலவுக்கு 15,000. பள்ளிக்கு 35,000. எல்லாம் சேர்ந்து 2,91,500. எதிர்பாராத செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கினால் சுமார் 3,20,000.

பயந்துவிடாதீர்கள். கையிலிருக்கும் 1,25,000, கம்பெனியின் 60,000, பெயின்டிங் போக வர வேண்டிய அட்வான்ஸ் 1,00,000, மூன்றும் வந்து சேர்ந்தால் 2,85,000. கடைசியில் உண்மையாகக் குறைவது 35,000தான். ஆனால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுவரைக்கும் 1,95,000 ரூபாய் பள்ளம் இருக்கும். நீங்கள் இப்போது யோசிக்க வேண்டியது அந்த ஆறேழு வாரத்தைப் பற்றித்தான்.

அதை அடைக்க நல்ல வழி உங்கள் தாம்பரம் வீட்டுக்காரரிடமே இருக்கிறது. காலி செய்வதாக இப்போதே எழுத்தில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தி போதும், ஆனால் அவர் பதில் போட்டிருக்க வேண்டும். கூடவே, ஏப்ரல், மே வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். சென்னையில் இது சகஜம். புது ஆள் வந்தால்தான் பணம் என்று சொல்பவர்களும் இதற்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்கள் கையிலிருந்து பணம் எதுவும் போகவில்லை. உங்களுக்கோ 40,000 சம்பளத்திலேயே தங்கிவிடுகிறது. மிச்சம் 60,000 மட்டும்தான் அவரிடம் நிற்கும். சாவி கொடுக்கும் அன்றே அதை வாங்கப் பாருங்கள். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் அது வழக்கம் மட்டுமே, பேசிக் குறைக்கலாம்.

அடுத்து, கம்பெனியிடம் அந்த 60,000-ஐ முன்பணமாகக் கேட்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் கொடுக்கின்றன. யாரும் கேட்பதில்லை என்பதால் தாங்களாகச் சொல்வதில்லை. வாக்கட் வீட்டில் டெபாசிட்டை இரண்டு மாதமாகக் குறைக்கக் கேட்டால் 28,000 மிச்சம். ஸ்கூட்டரையும் சில மரச்சாமான்களையும் இங்கேயே விற்றால் ஒரு 30,000 வரலாம். 40,000, 60,000, 60,000, 28,000, 30,000: கூட்டினால் 2,18,000. பள்ளம் அடைபட்டுவிடுகிறது, உண்மையான குறைவும் இதிலேயே சரியாகிறது.

நகை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலே சொன்னதில் ஒன்றிரண்டு தவறினால், குறைகிற தொகைக்கு மட்டும் வங்கியில் நகைக்கடன் வாங்குங்கள். கம்பெனிப் பணமும் அட்வான்ஸும் வந்தவுடன் திருப்பிவிடலாம். ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்றால், 60,000 ரூபாய்க்கு இரண்டு மாதத்துக்கு 1,000 ரூபாய்தான் ஆகிறது. கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் மாதத்துக்கே மூன்று சதவீதத்துக்கு மேல் போகும். அதற்கு மூன்று நான்கு மடங்கு கட்டுவீர்கள். தனிநபர் கடன் வேண்டவே வேண்டாம். இரண்டு மாதத் தேவைக்கு மூன்று வருடத் தவணை எதற்கு?

இப்போது லாரி. 29,000 சொன்னவரை மறந்துவிடுங்கள். வீட்டைப் பார்க்காமல் விலை சொல்ல முடியாது. சொன்னால் அது வேலையைப் பிடிப்பதற்கான விலை. பிறகு நடப்பது எனக்கு மனப்பாடம். லோடு ஏறியதும் "சாமான் நீங்க சொன்னதைவிட அதிகம்" என்பார்கள். வழியில் போன் வரும்: செக்போஸ்ட், பச்சை வரி, ஆக்ட்ராய். மகாராஷ்டிராவில் ஆக்ட்ராய் என்ற நகர நுழைவு வரியே இப்போது இல்லை. கடைசியாக மும்பையில் இருந்ததும் 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது போய்விட்டது. வீட்டில் புழங்கிய பழைய சாமானுக்கு, சரக்கு அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில்லும் தேவையில்லை. ஜிஎஸ்டி விதியிலேயே அதற்கு விலக்கு இருக்கிறது. இதெல்லாம் தெரியாமல், சாமான் நடுவழியில் நிற்கிறதே என்ற பயத்தில் குடும்பங்கள் கேட்ட பணத்தை அனுப்பிவிடுகின்றன. பார்க்கவே வேதனையாக இருக்கும்.

47,000-க்கும் 68,000-க்கும் உள்ள வித்தியாசம் நியாயமானது. தனி லாரி என்றால் உங்கள் வீட்டில் ஏற்றிய சாமான் வாக்கட்டில்தான் இறங்கும். பெங்களூர், ஹுப்ளி, கோலாப்பூர் வழியாகச் சுமார் 1,200 கிலோமீட்டர். மூன்று நான்கு நாளில் போய்விடும், தேதியைச் சொல்லிக் கேட்கலாம். பார்ட் லோடில் உங்கள் சாமான் மூன்று நான்கு குடும்பங்களின் சாமானோடு போகும். லாரி நிறையும்வரை கோடவுனில் கிடக்கலாம், நடுவில் வேறு வண்டிக்கு மாற்றலாம். ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். உடைவது ஓடும்போது அல்ல, ஏற்றி இறக்கும்போதுதான். அதனால் பார்ட் லோடுக்காரரிடம் விலையைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது ஒன்று: நடுவில் எத்தனை முறை இறக்கி ஏற்றுவீர்கள்? ஒரே கன்டெய்னரில் நேராகப் போகும் என்றால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். புனேக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கட்டில், ஃபிரிட்ஜ், அடுப்பு வராமல் ஐந்து நாள் காத்திருந்தால் ஓட்டலும் சாப்பாடுமாக நாளுக்கு 3,500 எளிதாகப் போகும். அது 17,500. அப்போது இரண்டு விலைக்கும் நடுவில் பெரிய வித்தியாசமே இல்லை. சென்னையிலேயே உறவினர் வீட்டில் இருந்துகொண்டு, சாமான் இறங்கிய செய்தி வந்த பிறகு நீங்கள் மூவரும் கிளம்ப முடியும் என்றால் கணக்கு மாறும். பார்ட் லோடே போதும்.

எதை முடிவு செய்தாலும் முதலில் சாமானைக் குறையுங்கள். 600 கன அடிக்கு 47,000 என்றால், ஒரு கன அடி உங்களுக்கு 78 ரூபாய். இந்த எண்ணை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். மூன்று பேர் உட்காரும் சோபா ஆறரை அடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம் இருந்தால் 58 கன அடிக்கு மேல். அதைக் கொண்டுபோக மட்டும் 4,500 ரூபாய். சோபா இன்று விற்றால் என்ன விலைக்குப் போகும்? அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த அலமாரிகளைக் கட்டாயம் விற்றுவிடுங்கள். ஒருமுறை கழற்றினால் திருகு ஓட்டைகள் தளர்ந்துவிடும், மறுபடி நிமிர்ந்து நிற்காது. பிளாஸ்டிக் டிரம், கம்ப்யூட்டர் மேசை, பழைய மெத்தை இவையும் இடத்தை அடைக்கும், மதிப்பு இல்லை. தேக்குக் கட்டில் இருந்தால் தயங்காமல் கொண்டுபோங்கள். இரும்பு பீரோ 30 கன அடிக்குள்தான் வரும். இரண்டாயிரத்து சொச்சம் கொடுத்துக் கொண்டுபோவது புதிதாக வாங்குவதைவிட எவ்வளவோ மேல். கிரைண்டர், இட்லிப் பானை, குத்துவிளக்கு, பித்தளைப் பாத்திரம் எதையும் விட்டுவிட்டுப் போக வேண்டாம். இடமும் அதிகம் பிடிக்காது, அங்கே போய் உங்களுக்கு ஏற்றாற்போல் தேடி வாங்குவதும் லேசில்லை.

120 கன அடி குறைந்தால் 480-க்கு வந்துவிடும். 14 அடி லாரியின் உள்ளளவு ஏறக்குறைய 14 அடி நீளம், ஆறடி அகலம், ஆறடி உயரம், அதாவது 504 கன அடி. நெருக்கி அடுக்கினால் கொள்ளும். தனி லாரிக்கு 68,000 கேட்டவர் 17 அடி வண்டியை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். குறைத்த பட்டியலை இருவருக்கும் அனுப்பி மறுபடி விலை கேளுங்கள். வித்தியாசம் 12,000-க்குள் வந்தால் தனி லாரியை எடுங்கள் என்பேன். அந்தக் கூடுதல் தொகைக்கு எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கியதில் இடம் இருக்கிறது.

விலை எழுதி வாங்கும்போது பேக்கிங், ஏற்றுகூலி, இறக்குகூலி, மாடி கூலி, சுங்கச்சாவடி, ஜிஎஸ்டி, கட்டில் கழற்றிப் பூட்டுவது எல்லாம் அடக்கமா என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். வாக்கட்டில் லாரி கேட்டுக்குள் வர முடியுமா, லிஃப்டில் சாமான் ஏற்ற விடுவார்களா, எந்த நேரம் அனுமதி என்று உங்கள் கணவர் சங்கத்தில் கேட்டுவிட வேண்டும். பெரிய லாரி உள்ளே வராவிட்டால் வெளியே நிறுத்திச் சின்ன வண்டியில் மாற்றுவார்கள். அந்தக் கூலி உங்கள் தலையில் விழும். பணத்தைப் பத்தில் ஒரு பங்கு முன்பணமாக, பெரும்பகுதியை லோடு ஏறிய பிறகு, குறைந்தது பத்தில் இரண்டு பங்கைச் சாமான் இறங்கிப் பார்த்த பிறகு என்று பிரித்துக் கொடுங்கள். பில் இல்லாவிட்டால் ஜிஎஸ்டி இல்லை என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். பில் இல்லாமல் கம்பெனி பணம் வராது. இடமாற்றத்துக்காகத் தரும் தொகைக்கு, செலவழித்த அளவுக்கு வருமான வரி விலக்கு கிடைக்கும். அதற்கும் பில்தான் ஆதாரம்.

சாமானை ஏற்றிக்கொண்டதற்கு எல்.ஆர். (லாரி ரசீது) என்று ஒரு சீட்டு தருவார்கள். அதை வாங்காமல் லாரியை நகரவிடாதீர்கள். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2011-இல் நடைமுறைக்கு வந்தது. பொருளின் மதிப்பை உயர்த்தித் தனியாகக் குறிப்பிடாவிட்டால், இழப்புக்கு லாரிக்காரரின் பொறுப்பு சரக்குக் கட்டணத்தைப் போலப் பத்து மடங்குவரைதான். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பேக்கிங்குக்கு 30,000, சரக்குக் கட்டணம் 10,000 என்று சீட்டில் பிரித்து எழுதியிருந்தால் அந்தப் பத்து மடங்கு ஒரு லட்சம்தான். எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சேதம் என்றால், சரக்கு பதிவான நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால், சாமான் இறங்கும்போதே உடைந்ததை டெலிவரி சீட்டில் எழுதி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதுதான் பலம். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இன்சூரன்ஸை லாரிக்காரரே தருகிறேன் என்பார். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது இன்சூரன்ஸ் இல்லை. காப்பீட்டு நிறுவனத்தின் பெயரோடு, உங்கள் பெயரில் சான்று வர வேண்டும். பிரீமியம் குறையட்டும் என்று நாலு லட்சம் சாமானுக்கு இரண்டு லட்சம் என்று எழுதாதீர்கள். பாதி மதிப்புக்குக் காப்பீடு எடுத்தால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் பாதியாக்கிவிடுவார்கள். வெளியே அடிபடாமல் உள்ளே மட்டும் டிவி பழுதானால் பெரும்பாலான பாலிசிகள் கொடுக்காது. நகை, ரொக்கம், பத்திரங்கள், மகளின் சான்றிதழ்கள், மாமியாரின் மருத்துவக் கோப்பு, ஒரு மாத மருந்து, எதுவும் லாரியில் ஏறக் கூடாது.

தேதிக்கு வருகிறேன். வைகாசி முகூர்த்த நாட்களிலும், மாதக் கடைசி, மாத முதல் நாட்களிலும் லாரிக்கும் ஆளுக்கும் கிராக்கி. பள்ளி விடுமுறை வேறு. உங்கள் மாமியார் கேட்பது நியாயமானதுதான், அதை லாரியோடு முடிச்சுப் போடத் தேவையில்லை. அவர் பார்த்துச் சொல்லும் நல்ல நாளில், உங்கள் கணவர் சாவி வாங்கிய வாக்கட் வீட்டில் சாமி படத்தை வைத்து விளக்கேற்றிப் பால் காய்ச்சிவிடட்டும். வீடியோ அழைப்பில் அவரும் பார்க்கலாம். லாரி அதன் பிறகு எந்தப் புதன், வியாழனிலும் கிளம்பலாம். மே மூன்றாம் வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். ஜூன் இரண்டாம் வாரத்தில் புனேயில் பருவமழை தொடங்கிவிடும். பெல்காம், கோலாப்பூர்ப் பக்கம் அதற்கும் முன்பே மழை பிடிக்கலாம். நனைந்த மெத்தையைப் புது வீட்டில் காயவைக்க இடம் கிடைக்காது.

ரயில் டிக்கெட் இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மார்ச் கடைசியிலேயே பாருங்கள். பயணம் சுமார் 20 மணி நேரம். மூன்றடுக்கு ஏசியில் ஒருவருக்கு 40 கிலோ வரை இலவசம். நீங்கள் மூவர் என்றால் 120 கிலோ. முதல் வாரத்துக்கான பாத்திரம், மளிகை, போர்வை, இன்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் உங்களோடு வந்துவிடும். உங்கள் மாமியாருக்குக் கீழ்ப்படுக்கை கேட்டுப் பதிவு செய்யுங்கள். மூட்டுவலி அதிகமென்றால் அவரை விமானத்தில் அழைத்துப்போவது நல்லது; சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிவு செய்துவிடலாம்.

ஸ்கூட்டரை விற்றுவிடுங்கள். அதற்கு அனுப்பும் செலவு, அங்கே மறுபதிவு, வரி எல்லாம் போட்டால் வண்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். காரை உங்கள் கணவரே ஓட்டிப் போகலாம், ஆனால் இன்னொரு ஓட்டுநரோ நண்பரோ கூட இருக்க வேண்டும், ஹுப்ளியில் ஒரு இரவு தங்க வேண்டும். நான் போட்ட 12,000 பெட்ரோல், சுங்கம், தங்கல் மூன்றுக்கும். இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் வண்டியை அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதற்குத் தாம்பரம் ஆர்டிஓவில் ஆட்சேபணை இல்லை என்ற சான்று (என்.ஓ.சி.) வாங்க வேண்டும், கார்க் கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். மகாராஷ்டிராவில் வாகன வரி குறைவில்லை. 10 லட்சத்துக்குள் உள்ள புதுப் பெட்ரோல் காருக்கு 11 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும். இங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் உடனே வராது. அதனால் இதை இடமாற்ற பட்ஜெட்டில் சேர்க்காமல், முதல் வருடத்துக்குள் மாதா மாதம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் கணவரின் கம்பெனிக்கு நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் இருந்தால் மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத பி.எச். வரிசை எண்ணுக்குக் காரை மாற்ற முடியுமா என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். மூன்று வருடத்தில் வேறு ஊர் என்றால் அது வசதி.

வாக்கட் வீட்டு ஒப்பந்தத்தை 'லீவ் அண்ட் லைசன்ஸ்' என்பார்கள், வழக்கமாக 11 மாதம். மகாராஷ்டிராவில் அதைப் பதிவு செய்வது கட்டாயம், ஆன்லைனிலேயே முடியும். மொத்த வாடகையில் கால் சதவீதத்தை ஒட்டி முத்திரைக் கட்டணம், மாநகராட்சிப் பகுதியில் பதிவுக் கட்டணம் 1,000. ஏஜென்ட் பெரிய தொகை சொன்னால் இதை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுப்பதை ஏற்காதீர்கள். கேஸ், இன்டர்நெட், பள்ளி, ஆதார் முகவரி எல்லாவற்றுக்கும் பதிவான ஒப்பந்தம்தான் கைகொடுக்கும். எத்தனை மாதத்துக்கு முன் காலி செய்தால் டெபாசிட் போகும் என்ற வரியைத் தவறாமல் படியுங்கள்.

கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றக் கூடாது. கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டையும் அதற்கான வவுச்சரையும் வாங்கி வையுங்கள். புது இணைப்புக்கு அந்த வவுச்சர் வேண்டும். புனேயில் பல அப்பார்ட்மென்டுகளில் குழாய் எரிவாயு இருக்கிறது. உங்கள் கட்டடத்திலும் இருந்தால் அடுப்பில் எரிவாயு வரும் ஜெட்டை (நாசிலை) மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.

உங்கள் மகளுக்கு ஒன்று. மகாராஷ்டிராவில் 2020-இல் வந்த சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடம். எட்டாம் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளையை அந்தப் பாடத்தில் எப்படி மதிப்பிடுவார்கள் என்று, கட்டணம் கட்டுவதற்கு முன்பே பள்ளியில் கேட்டு வாங்குங்கள். எந்தப் பள்ளி என்று தயக்கம் இருந்தால் அந்தப் பதிலை வைத்தே முடிவு செய்யலாம். மராத்திக்கும் இந்திக்கும் ஒரே தேவநாகரி எழுத்துதான். கோடை விடுமுறையில் எழுத்துகளை மட்டும் கற்றுக்கொண்டு போனால் இரண்டு பாடத்துக்கும் உதவும், முதல் வாரத்தில் வகுப்பில் மிரளவும் மாட்டாள். மாற்றுச் சான்றிதழை ஏப்ரல் கடைசியிலேயே கேட்டுவிடுங்கள். மே மாதம் பல பள்ளி அலுவலகங்களில் ஆள் இருக்க மாட்டார்கள்.

இந்த வாரம் மூன்று காரியம் போதும். வீட்டுக்காரருக்கு அந்தச் செய்தி, கம்பெனியிடம் முன்பணக் கேள்வி, சாமான் பட்டியல். பட்டியலைக் குறைத்து இரண்டு பேரிடமும் புது விலை வாங்கியதும், கொட்டேஷன்களின் படத்தோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். எல்.ஆர். மாதிரிச் சீட்டு தந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் நானும் ஒருமுறை படித்துப் பார்க்கிறேன்.